ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டில், ரைஸ் குக்கர், கிரைண்டர்: 12.7 ஆம்பியர் என்ற என் கணக்கு சரியா?

ஆறாங்கட்டை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயங்களை இடித்த பிறகு கட்டிய மலிவு விலை வீடொன்றில் அம்மாவோடு வசிக்கிறேன். அம்மா தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்தாருக்கும் காலைச் சந்தைக் கடை ஒன்றுக்கும் கொடுத்து வருகிறார். எங்கள் சமையலறைச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது. அதில் நான்கு துளை உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் செருகி, கெட்டில், ரைஸ் குக்கர், தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வந்த கிரைண்டர் ஆகிய மூன்றையும் அதிலேயே இயக்குகிறோம். சென்ற வாரம் விடியற்காலையில் மூன்றும் ஒருசேர ஓடியபோது தீய்ந்த வாடை வந்தது. எக்ஸ்டென்ஷனின் பிளக்கை உருவிப் பார்த்தால் அதன் ஒரு பக்கம் பழுப்பேறியிருக்கிறது.

பள்ளியில் படித்ததை வைத்து நானே கணக்குப் போட்டேன். கெட்டிலின் அடியில் 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்றும், ரைஸ் குக்கரில் 240 வோல்ட், 700 வாட் என்றும், கிரைண்டரில் 230 வோல்ட், 150 வாட் என்றும் எழுதியிருக்கிறது. கெட்டிலுக்குப் பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டு கூட்டினால் 3050 வாட். அதை 240ஆல் வகுத்தால் 12.7 ஆம்பியர். பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் பியூஸ். அளவுக்குள்தானே இருக்கிறோம், பிறகு ஏன் தீய்ந்தது?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்குக் குளியலறையில் 3600 வாட் தண்ணீர் ஹீட்டர் பொருத்த வேண்டும். அதற்கு இதே பாயிண்டிலிருந்து வயர் இழுக்கலாமா?

செம்பனைக்காரர்

தம்பி, நீங்கள் வகுத்த எண்ணே தவறு. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட்தான். 240 என்பது பழைய கணக்கு. 3050ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள், 13.3 ஆம்பியர் வரும். பதிமூன்றைத் தாண்டிவிட்டது, அதனால் தீய்ந்தது. இதற்கு மேல் இதில் ஆராய என்ன இருக்கிறது?

இயற்பியல் ஆசிரியை

ஆராய நிறையவே இருக்கிறது, ஐயா. 230 வோல்ட் என்பது சரி. ஆனால் கெட்டிலின் வாட் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வோல்ட்டை மட்டும் மாற்றி வகுத்திருக்கிறீர்கள். படிவம் ஐந்து மாணவர்களும் ஆண்டுதோறும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கெட்டிலின் அடியில் உள்ள இரண்டு வாட் எண்களைப் பார்த்து, அதில் இரண்டு வேகங்கள் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே இருப்பது ஒரே கம்பிச்சுருள். அதன் மின்தடையும் ஏறத்தாழ மாறாதது. அந்தச் சுருளுக்கு 240 வோல்ட் கிடைத்தால் 2200 வாட் எரிக்கும்; 220 வோல்ட்தான் கிடைத்தால் 1850 வாட்டோடு நின்றுவிடும். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால், 220ஐ 240ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 2200ஆல் பெருக்கினால் 1849 வருகிறது. தொழிற்சாலைக்காரர் 1850 என்று அச்சிட்டதன் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இனி உங்கள் கெட்டிலின் மின்தடையைக் கண்டுபிடிக்கலாம். 240ஐ 240ஆல் பெருக்கி 2200ஆல் வகுத்தால் 26.2 ஓம். வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது அது இழுப்பது 230ஐ 26.2ஆல் வகுத்த 8.8 ஆம்பியர். 2200ஐ நேராக 230ஆல் வகுத்தால் வரும் 9.6 ஆம்பியர் அன்று. மின்னழுத்தம் குறைந்தால் கெட்டில் குறைவாகவே இழுக்கும், தண்ணீர் கொதிக்கச் சற்று நேரமாகும். ரைஸ் குக்கரும் இதே இனம். 240 வோல்ட்டில் 700 வாட் என்றால் 82.3 ஓம், 230 வோல்ட்டில் 2.8 ஆம்பியர்.

கிரைண்டர் வேறு இனம். அது மோட்டார். அதில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. மின்னோட்டம் பின்தங்கி வருவதால் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மட்டும் போதாது, திறன் காரணியாலும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வாட்டாகும் பங்கு) வகுக்க வேண்டும். சிறிய ஒற்றைக்கட்ட மோட்டாருக்கு அதை 0.6 என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 150ஐ 230ஆலும் 0.6ஆலும் வகுக்க, வோல்ட்டால் மட்டும் வகுத்தால் வரும் 0.65 ஆம்பியருக்குப் பதில் 1.1 ஆம்பியர் வருகிறது.

8.8, 2.8, 1.1 மூன்றையும் கூட்டினால் 12.7. வழி தவறி நடந்தும் சரியான ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள், தம்பி. பின்தங்கி வரும் மின்னோட்டத்தை வெறும் எண்ணாகக் கூட்டாமல் திசையோடு கூட்டினால் 12.3தான் வரும். ஆயினும் வீட்டுக் கணக்கில் சற்று மிகையாக வைத்துக்கொள்வது தவறில்லை.

லயத்துப் பிள்ளை

ஆசிரியை எழுதியதைப் படித்தபோது பழைய நினைவு ஒன்று வந்தது. சிறு வயதில் நாங்கள் இருந்த தோட்டத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் எஞ்சினைப் போடுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, ஒரு வானொலி. அதற்கு மேல் எதையும் செருகக் கூடாது என்பது தோட்ட எழுத்தரான கிராணியின் கட்டளை. எங்கள் வரிசையின் நடுவீட்டுக்காரர் எங்கிருந்தோ மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவர் சட்டையைத் தேய்க்கத் தொடங்கியதும் கடைசி வீடு வரையில் அத்தனை பல்பும் அழுதுவடியும். அப்பா பாதிச் சோற்றில் எழுந்துபோய்ச் சண்டை போடுவார். வயரிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது என்று எங்களுக்கு அப்போது யார் சொன்னார்கள்? அவர் கரண்டைத் திருடுகிறார் என்றுதான் நம்பியிருந்தோம்.

ஆறாங்கட்டைத் தம்பி, கெட்டிலைப் போடும்போது உங்கள் சமையலறை விளக்கு மங்குகிறதா?

ஆறாங்கட்டை

விளக்கு மங்கவில்லை, அண்ணன். ஆசிரியை அவர்களுக்கு மிக்க நன்றி. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. 12.7 சரியென்றால் பிளக் ஏன் தீய்ந்தது?

பழைய வயர்மேன்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். பிளக்கில் பழுப்பேறியது எந்தப் பக்கம்? எக்ஸ்டென்ஷன் வயரின் தோலில் அச்சிட்டிருக்கும் எண் என்ன? அதில் சிரிம் என்ற தரச் சான்று முத்திரை ஒட்டியிருக்கிறதா?

செம்பனைக்காரர்

இதற்கெல்லாம் ஏன் கவலைப்பட வேண்டும்? அளவுக்கு மீறினால் டிபி பெட்டியில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) இருக்கும் எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்துவிடுமே. அதற்காகத்தானே பணம் கொடுத்து மாட்டியிருக்கிறோம்.

பழைய வயர்மேன்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த நம்பிக்கையால்தான் பல வீடுகளில் சுவர் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 20 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 20.1 ஆம்பியரில் விழுந்துவிடும் என்று பொருளில்லை. வீட்டு எம்.சி.பி.களுக்கான உலகத் தர விதியின்படி, குறித்த அளவைப்போல 1.13 மடங்கு, அதாவது 22.6 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 29 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்திற்குள் விழ வேண்டும். சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற வகுத்த கணக்கு அது. சுவருக்கு வெளியே தொங்கும் எக்ஸ்டென்ஷனில் 12 ஆம்பியர் ஓடி, அதன் பிளக் உருகினால், எம்.சி.பி.யின் கண்ணுக்கு அங்கே எந்தக் குற்றமும் தெரியாது.

ஆறாங்கட்டை

பார்த்துவிட்டேன், ஐயா. பின்களின் பக்கமாகப் பார்க்காமல் பிளக்கைத் திறந்து உட்புறம் பார்த்தேன். பியூஸ் இருக்கும் பக்கம்தான் பழுப்பேறியிருக்கிறது. மற்ற இரண்டு பின்களும் புதிது போலவே இருக்கின்றன. வயரின் மேல் 0.75 என்று அச்சிட்டிருக்கிறது. முத்திரை எதுவும் இல்லை. இரவுச் சந்தையில் வாங்கியது. நீளம் 3 மீட்டர்.

பழைய வயர்மேன்

நான் நினைத்தது இதுதான். இங்கே இரண்டு குற்றவாளிகள் இருக்கிறார்கள்.

முதலாவது வயர். 0.75 என்பது செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இத்தகைய வளையும் வயருக்கு வழக்கமாக வைக்கும் எல்லை 6 ஆம்பியர். 1.0 என்றால் 10, 1.25 என்றால் 13, 1.5 என்றால் 15 ஆம்பியர் வரை போகலாம். ஆறு ஆம்பியர் வயரில் பதின்மூன்று ஆம்பியர் பியூஸை யாரோ மாட்டி விற்றிருக்கிறார்கள். பிளக்கில் இருக்கும் பியூஸ் சாதனத்தைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதன்மையாக அது அந்த வயரைக் காப்பாற்றவே இருக்கிறது. 0.75 வயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26 ஓம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று கணக்கிட்டால் 0.156 ஓம். 12.7 ஆம்பியரின் வர்க்கத்தால் இதைப் பெருக்கினால் 25 வாட். உங்கள் வயர் மூன்று மீட்டர் நீளத்திற்கு 25 வாட் ஹீட்டராக வேலை பார்த்திருக்கிறது. விரித்துக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும். சுருட்டிக் கட்டி, கிரைண்டரின் பின்னால் சொருகியிருந்தால் ஆற வழியில்லை.

இரண்டாவது, பியூஸைப் பிடிக்கும் உலோக நாக்கு. பிளக் தீய்ந்ததற்கு நேர்க்காரணம் இதுதான். அது இறுக்கமாகப் பிடிக்காமல் தளர்ந்திருந்தால் தொடும் இடத்தில் மின்தடை கூடிவிடும். அங்கே 0.1 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் மட்டும் ஓடும்போது 2.8இன் வர்க்கத்தை 0.1ஆல் பெருக்க, முக்கால் வாட்தான் வரும்; கையில் சூடே தெரியாது. மூன்றும் ஓடும்போது 12.7இன் வர்க்கத்தை 0.1ஆல் பெருக்கினால் 16 வாட். மின்னோட்டம் நாலரை மடங்கு ஏறியது, சூடோ இருபது மடங்கு ஏறிவிட்டது. கட்டைவிரல் அளவுள்ள பிளக்குக்குள் 16 வாட் அடைபட்டால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? சூடாக ஆக நாக்கு இன்னும் தளரும், தளரத் தளர மின்தடை இன்னும் ஏறும். ஆம்பியர் கணக்கு 12.7லேயே நிற்கும், பியூஸும் போகாது. உங்கள் கணக்கில் பிழையில்லை, தம்பி. அந்தக் கணக்கு எதைச் சொல்லாதோ, அதை நீங்கள் அதனிடம் எதிர்பார்த்துவிட்டீர்கள்.

இனி ஹீட்டர். 240 வோல்ட்டில் 3600 வாட் என்றால் 15 ஆம்பியர். 230 வோல்ட்டில் 14.4. எப்படிப் பார்த்தாலும் 13 ஆம்பியர் பாயிண்டுக்கு அது பொருந்தாது. டிபி பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் இருமுனை சுவிட்சும் வைத்து, 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் பொருத்த வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஈரத் தரையுள்ள இடங்களுக்கு அந்த 10 மில்லி ஆம்பியரை விதிக்கின்றன. இதை நீங்களே செய்ய முயலாதீர்கள். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

செம்பனைக்காரர்

எம்.சி.பி. பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு ஏர்கோன் ஒரு குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட், அதை 230ஆல் வகுத்தால் 3.2 ஆம்பியர் என்று சொன்னால் சரியா?

இயற்பியல் ஆசிரியை

விடை அதிகம் தவறாது என்றாலும் காரணம் தவறு. ஏர்கோன் கடையில் சொல்லும் ஒரு குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 9000 பி.டி.யு. வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றலுக்கு வைத்த வணிகப் பெயர். அது 2640 வாட் குளிர்ச்சிக்குச் சமம். ஏர்கோன் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்கிறது. அதனால் ஒரு வாட் செலவழித்து மூன்று வாட் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியும். அந்த மூன்று என்ற விகிதத்தில் 880 வாட், 0.9 திறன் காரணியோடு 4.3 ஆம்பியர். இன்வெர்ட்டர் வகையானால் அறை குளிர்ந்த பிறகு இதைவிடக் குறையும். எப்படியும் வெளியே இருக்கும் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் ஆம்பியரையே நேராக எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பதை விட்டுவிட்டு ஊகிப்பானேன்?

இன்வெர்ட்டர் ஏர்கோனும் தொலைக்காட்சியும் கெட்டிலுக்கு நேர்மாறானவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்துக்கொள்ளும்படி அவற்றின் மின்னணுச் சுற்றை அமைத்திருக்கிறார்கள். ஆகவே மின்னழுத்தம் குறைந்தால் அவை அதிக ஆம்பியரை இழுக்கும். நம் நாட்டில் அனுமதித்திருக்கும் ஏற்ற இறக்கம் 230க்கு மேல் 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும், அதாவது 253 முதல் 216 வோல்ட் வரை. கெட்டிலுக்கு உச்சக்கட்டம் 253இல் வருகிறது. இவற்றுக்கு 216இல் வருகிறது.

ஆறாங்கட்டைத் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் மின்மானியில் சிமிட்டும் சிறிய சிவப்பு விளக்கின் அருகே, ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 1000 என்றிருந்தால் ஒரு சிமிட்டலுக்கு ஒரு வாட் மணி, அதாவது 3600 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நல்ல சுவர் பாயிண்டில் கெட்டிலை மட்டும் போட்டு, 20 சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறதென்று பாருங்கள். 72,000ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும்.

ஆறாங்கட்டை

செய்து பார்த்துவிட்டேன், ஆசிரியை அவர்களே. என் மின்மானியில் 1000 என்றுதான் எழுதியிருக்கிறது. வரவேற்பறைப் பாயிண்டில் கெட்டிலைப் போட்டேன். 20 சிமிட்டலுக்கு 35 நொடிகள், ஆக 2057 வாட். நீங்கள் சொன்ன 26.2 ஓம்மை வைத்துப் பின்னோக்கிப் போனால் வீட்டு மின்னழுத்தம் 232 வோல்ட் என்று வருகிறது. கெட்டிலையே வோல்ட் மீட்டராக்கிவிட்டேன்!

கிரைண்டரையும் பார்த்தேன். உளுந்து போட்டு ஓடும்போது 10 சிமிட்டலுக்கு 200 நொடிகள், அதாவது 180 வாட். தகட்டில் உள்ள 150ஐவிட அதிகமாக இருக்கிறதே?

இயற்பியல் ஆசிரியை

உங்கள் உற்சாகத்தைக் குலைக்க மனமில்லை. ஆயினும் சூடாக்கும் சாதனங்களின் திறன், குறித்த எண்ணைவிட 5 விழுக்காடு கூடவோ 10 விழுக்காடு குறையவோ இருக்கலாம் என்று தர விதியே இடம் கொடுக்கிறது. ஆகவே 26.2 ஓம் என்பது அச்சிட்ட எண்ணிலிருந்து பெற்றதேயன்றி அளந்து பெற்றதன்று. 232 வோல்ட் என்ற விடையை நோட்டுப் புத்தகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2057 வாட் என்பதோ நீங்களே அளந்தது, அதை நம்பலாம்.

கிரைண்டரில் மாவு கெட்டியாக இருக்கும்போது மோட்டார் கூடுதலாக இழுப்பது இயல்பு. ஆனால் மின்மானி வாட்டை மட்டுமே எண்ணும். பின்தங்கி வரும் மின்னோட்டம் அதன் கணக்கில் வராது, உங்கள் கட்டணத்திலும் வராது. வயரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் சோக் வைத்த பழைய 36 வாட் குழல் விளக்கு இருந்தால் நல்ல எடுத்துக்காட்டாகும். சோக்கின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 46 வாட், எனவே 0.2 ஆம்பியர் என்று தோன்றும். திறன் காரணியைத் திருத்தும் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அது உண்மையில் இழுப்பது 0.43 ஆம்பியர்.

ஆறாங்கட்டை

தாமதத்திற்கு மன்னிக்கவும். பதிவு பெற்ற வயர்மேன் நேற்று வந்து போனார். கிளாம்ப் மீட்டரை அவரிடம் கேட்டு வாங்கி, கிரைண்டரின் வயரை முழுதாகக் கவ்விப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. மீட்டர் பழுதோ என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும் என்றார். தோல் நீக்கிப் பிரித்து வைத்திருந்த தம் சோதனை வயரில் காட்டினார். உளுந்தோடு 1.2 ஆம்பியர். 180ஐ 230ஆலும் 1.2ஆலும் வகுத்தால் திறன் காரணி 0.65. ஆசிரியை சொன்ன 0.6க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆர்.சி.சி.பி. வேலை செய்வதும் இதே முறையில்தானாம். போவதும் வருவதும் சமமாக இருக்கும் வரையில் அது சும்மா இருக்கும். உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குக் கசிந்தால் சமன் கெட்டு விழுந்துவிடும்.

சமையலறையில் இரண்டு புதிய பாயிண்டுகள் போட்டாயிற்று. கெட்டில் இனிச் சுவரிலேயே செருகப்படும். ஹீட்டருக்கான தனி வயரை அடுத்த வாரம் இழுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய வயர்மேன்

நல்லது, தம்பி. அந்தப் பழைய எக்ஸ்டென்ஷனைக் குப்பையில் போடும் முன் பிளக்கின் கழுத்தருகே வயரை வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் செருகிவிடுவார்கள்.

ஆறாங்கட்டை

வெட்டிவிட்டேன், ஐயா. பியூஸ் நாக்கை இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். கறுத்துப்போய், அழுத்தமே இல்லாமல் ஆடுகிறது. புதுப் பியூஸைச் செருகிக் கவிழ்த்தால் அது தானாகவே கீழே விழுந்துவிடுகிறது.